சந்தையில் தட்டிய புறங்கை

நாமக்கல்லில் பயிற்சிக்குப் போன முதல் வாரமே ஒரு வாடிக்கையாளரைத் திட்டிவிட்டேன். நிஜ வாடிக்கையாளர் இல்லை. கூடப் படிக்கிற இளங்கோ வாடிக்கையாளராக நடிக்க, நான் அவனுக்கு மியூச்சுவல் ஃபண்டைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டும். அதுதான் அன்றைய பாடம். அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "மலையில இருந்து எறங்கி வந்துட்டு எனக்குப் பணத்தைப் பத்திச் சொல்றீங்களா?" என்றான். நடிப்புக்குத்தான் சொன்னான், எனக்கும் தெரியும். ஆனாலும் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஏன், மலையில இருக்கறவிய பணத்தையே பார்த்ததில்லையா? நீ திங்கற பொங்கல்ல கெடக்கற மிளகு எங்கிருந்து வருதுன்னு உங்கம்மாவக் கேளு போ!"

வகுப்பே சிரித்தது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அருள்மொழி மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "அம்சவேணி, கஸ்டமரோட சண்டை போட்டா கஸ்டமர் எழுந்து போயிடுவார். உங்க கோபத்தை பஸ்ஸிலேயே வச்சுட்டு வாங்க" என்றார்.

"சரிங்க மேடம். சாயந்திரம் திரும்பிப் போறப்ப எடுத்துக்கறனுங்க" என்றேன். அப்போதுதான் அவரும் சிரித்தார்.

நான் கொல்லிமலைக்காரி. எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். தேவனூர் நாட்டில் எங்களுக்குக் கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மரவள்ளி, மேட்டில் சாமை. பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம் ஆகிவிட்டது. ஒரு நாள் மகளிர் குழுக் கூட்டத்தில் சொன்னார்கள்: நாமக்கல்லில் ஒரு கம்பெனி மியூச்சுவல் ஃபண்ட் பிரதிநிதி வேலைக்குப் பயிற்சி கொடுக்கிறது, மலைக்கென்று ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள் என்று. எனக்கு வேறெதுவும் காதில் விழவில்லை. அந்த ஒரு ஆள் நான்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். திமிர்தான். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு சுலபமாக இல்லை. பல பேரிடம் சேர்க்கிற பணத்தை ஒரு நிபுணர் பல கம்பெனிப் பங்குகளில் பிரித்துப் போடுவார் என்பது வரைக்கும் சட்டென்று புரிந்தது. நாங்கள் ஒரே காட்டில் சாமையும் கேழ்வரகும் அவரையும் கலந்து விதைக்கிறோமே, மழை ஏமாற்றினாலும் ஏதோ ஒன்று நின்று கொடுக்கும் என்று, அதே கணக்குத்தான். அதற்கு மேலே வந்த சதவீதங்களும் வரிகளும்தான் என்னை ஒரு வழி பண்ணிவிட்டன. அடுப்பில் குழம்பு கொதிக்கக் கொதிக்கப் படித்தேன். சேலத்தில் கம்ப்யூட்டர் பரீட்சை. கடைசிப் பொத்தானை அமுக்கியதும் திரையில் 'பாஸ்' என்று வந்தது. நான் எழுந்து நின்று கை தட்டிவிட்டேன். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் முறைத்தார். முறைக்கட்டுமே, பாஸான எனக்குத்தானே தெரியும்!

எல்லாவற்றையும் விட அருள்மொழி மேடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று. "இவ்வளவு லாபம் வரும்னு யாருக்கும் உறுதி கொடுக்கக் கூடாது. ஏறலாம், இறங்கலாம், போட்டதே குறையவும் குறையலாம். அதை டிவியில சொல்ற மாதிரி கடகடன்னு சொல்லாதீங்க, எதிர்ல இருக்கறவருக்குப் புரியற மாதிரி நிறுத்திச் சொல்லுங்க. உறுதி கொடுத்த அன்னைக்கே உங்க வேலை போச்சுன்னு வச்சுக்குங்க."

அந்த எச்சரிக்கையைத் தினமும் சாயந்திரம் வீட்டில் சொல்லிப் பார்ப்பேன். கேட்பதற்கு என் வீட்டுக்காரர் குழந்தைவேலு. மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே அவர்தான் வாடிக்கையாளர். ஒரு நாள் கஞ்சப் பிசினாறி, ஒரு நாள் காது கேட்காத கிழவர், ஒரு நாள் போலீஸ்காரர். போலீஸ்காரராக வந்த அன்று மிரட்டுகிறேன் பேர்வழி என்று கிழங்குச் சட்டியையே கவிழ்த்துவிட்டார். நான் பரீட்சையில் பாஸானதும் வாழவந்தி பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார். கண்டக்டர் என்னைப் பார்த்து, "பாஸான அக்கா, டிக்கெட் வாங்கிக்கோங்க" என்று கிண்டல் பண்ணினார்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாடு வாங்கினாலும் சரி, கொடியில் இருக்கிற மிளகுக்கு விலை பேசினாலும் சரி, நடுவில் ஒருவர் கையடிக்க வேண்டும். வாங்குகிறவர் உள்ளங்கையை நீட்டுவார். பொறுப்பேற்கிறவர் தன் உள்ளங்கையால் அதில் பட்டென்று ஒரு அடி அடிப்பார். அதற்குப் பிறகு மாடு நொண்டினால் அடித்தவர் பாடு. ஆண்கள்தான் அடிப்பார்கள். பொறுப்பேற்கச் சொல்லிப் பெண்களை யாரும் கேட்டதில்லை, நாங்களும் அடித்ததில்லை.

அடித்ததைத் திரும்ப வாங்கவும் வழி உண்டு. சந்தையில், நாலு பேர் பார்க்க, இரண்டு பேரும் புறங்கையோடு புறங்கை தட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் மானமுள்ளவன் அதைச் செய்யமாட்டான். செய்தவனுக்குப் 'புறங்கை' என்றே பட்டப்பெயர் விழும். அவன் பிள்ளைகளுக்குப் பெண் கேட்கப் போகிற இடத்தில்கூட அது முன்னால் போய் நிற்கும்.

என் வீட்டுக்காரர் கைக்கு எங்கள் நாட்டில் தனி மதிப்பு. ஒரு தடவை எங்கள் ஊர்ச் செல்வம் என்பவருக்கு அவர் கையடித்துக் கொடுத்த காளை பாதி உழவில் படுத்துவிட்டது. மறுபேச்சுப் பேசாமல் எங்கள் காளையை அவிழ்த்து ஓட்டிப்போய்ச் செல்வத்தின் கொட்டகையில் கட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தார். நான் ஆடித் தீர்த்துவிட்டேன். "அடிச்சாச்சு புள்ள" என்றார், அவ்வளவுதான். அதிலிருந்து குழந்தைவேலு கையடித்தால் மாட்டின் பல்லைக்கூட யாரும் பிடித்துப் பார்ப்பதில்லை.

கடைசிப் பயிற்சி எங்கள் மலையிலேயே, சோளக்காடு ஊர்ச் சந்தையில். சந்தை நாளில் மேஜை போட்டு உட்கார்ந்து நான் மக்களிடம் பேச வேண்டும். விருப்பப்படுகிறவர்களுக்குக் கணக்கு தொடங்கிக் கொடுப்பது மேடம். நான் பேசுகிற அழகைப் பார்த்துவிட்டு, வேலை எனக்கா இல்லையா என்று அன்றைக்கே சொல்லிவிடுவதாகப் பேச்சு. மலைப் பாதை ஏறி வந்ததில் மேடத்துக்கு முகமே வெளுத்திருந்தது. எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்காமல், "நீங்க பேசுங்க அம்சவேணி, நான் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்" என்றார்.

நான் மேஜையில் துணியை விரிக்கிறதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. வாழைத்தார் விற்க வந்தவர்கள், பலாப்பழக்காரர்கள், எங்கள் ஊர்க்காரர்கள். எல்லார் கையிலும் ஆதார் அட்டை. வேட்டி மடிப்பிலிருந்தும் சுருக்குப் பையிலிருந்தும் அதை எடுத்து எடுத்து நீட்டுகிறார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நம் பேச்சைக் கேட்க இத்தனை பேரா! மேடம் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க" என்று தொடங்கினேன். "மியூச்சுவல் ஃபண்டுன்னா என்னன்னு முதல்ல..."

"அட, அதெல்லாம் என்னத்துக்குக் கண்ணு?" என்றார் முன்னால் நின்ற பாப்பாத்தி அக்காள். புருஷன் போன பிறகு தனி ஆளாக மிளகுத் தோட்டம் பார்க்கிறவர். ஒரு ரூபாயைக் கொடுப்பதற்குள் மூன்று முறை திருப்பிப் பார்ப்பவர். "எங்க கையெழுத்து வெக்கோணும், அதை மட்டும் காட்டு."

"கேட்டுட்டு வெய்யுங்க அக்கா."

"கேக்கறதுக்கு என்ன இருக்குது? அதான் உம்புருசன் போன சந்தையிலயே கையடிச்சுக் குடுத்துட்டானே. போட்ட பணம் ரெட்டிப்பாகும், நான் பொறுப்புன்னு. இவியளுக்கெல்லாம் அடிச்சிருக்கான்."

பின்னால் நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

மேடம் என் பக்கம் குனிந்து, "என்ன சொல்றாங்க? உங்க வீட்டுக்காரர் எல்லாருக்கும் கைகொடுத்துப் பேசியிருக்காரா? பரவாயில்லையே, நல்ல சப்போர்ட்!" என்றார். சமவெளிக்காரர். கையடிப்பதைக் கைகுலுக்குவது என்று நினைத்துவிட்டார்.

அந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். உண்மையிலேயே இருந்திருக்கலாம். உறுதி கொடுத்தது நானில்லை. மேடத்துக்கு விஷயம் தெரியாது. தலையை ஆட்டிவிட்டு, எச்சரிக்கையை ஒரு தடவை ஒப்பித்துவிட்டு, ஆதார் அட்டைகளை வாங்கி அடுக்கியிருந்தால் சாயந்திரம் வேலை என் கையில். வேறு எந்த ஊரிலும் முதல் நாளில் இத்தனை பேர் வரிசையில் நின்றிருக்கமாட்டார்கள். கம்பெனி கொடுக்கிற அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவது போல எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன்!

பாப்பாத்தி அக்காள் ஆதார் அட்டையைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து நகத்தால் நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ரெட்டிப்பாகாது என்றால்? இறங்கிவிட்டால்? மனசு கேட்கவில்லை.

"மேடம், இது கைகுலுக்கறது இல்லைங்க" என்றேன். கையடிப்பது என்றால் என்ன என்பதை அவருக்கு எல்லார் முன்னாலும் விளக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "அப்படின்னா இது உத்தரவாதம்" என்றார் மெதுவாக.

"ஆமாங்க மேடம். நான் குடுக்கலைங்க. ஆனா என்னை நம்பித்தான் குடுத்திருக்கறாரு."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். எனக்கு அங்கேயே எல்லாம் முடிந்துவிட்டது போல இருந்தது.

கோபம் அப்போதுதான் வந்தது. அன்றைக்கு அதை பஸ்ஸில் வைத்துவிட்டு வரவில்லை. மிளகு நிறுக்கிற கடைப் பக்கம் பார்த்துச் சந்தையே திரும்புகிற மாதிரி கத்தினேன். "ஏனுங்க! இங்க வாங்க!"

அவர் மிளகுச் சாக்கை அப்படியே போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் இன்னும் பெரிய சிரிப்பு. "பார்த்தியா புள்ள, எத்தனை பேரு!"

"போட்ட பணம் ரெட்டிப்பாகும்னு கையடிச்சீங்களா?"

"அடிச்சேன். பின்ன, ஆகாதா?"

"தெனமும் சாயந்திரம் உங்க காதுகிட்ட நின்னு ஒப்பிச்சனே! ஏறலாம், எறங்கலாம், போட்டதே குறையலாம்னு. காதுல என்ன வெச்சிருந்தீங்க?"

"அது டிவியிலயும்தான் சொல்றாங்க. பேச்சுக்குச் சொல்றதுன்னு நெனச்சேன்." சிரிப்பு மெல்ல வடிந்தது. "இத்தனை படிச்சு பாஸ் பண்ணியிருக்கற. நீ விக்கற சரக்கு எறங்குமாக்கும்?"

"எறங்கினா?"

அவர் யோசிக்கவே இல்லை. "எறங்கினா நம்ம மிளகுத் தோட்டம் இருக்குதில்ல. அதை வித்துக் குடுத்துட்டுப் போறேன்."

மனுஷன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காளையை அவிழ்த்துக்கொண்டு போன முகம்தான் அது. என் மேல் இருந்த நம்பிக்கைக்குத் தோட்டத்தையே பணயமாக வைத்துவிட்டு, மரவள்ளி உரித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். திட்டுவதா, கட்டிப் பிடித்துக்கொள்வதா என்றே தெரியவில்லை. சந்தையில் இரண்டையும் செய்ய முடியாது.

"திருப்பி வாங்கிக்கோங்க" என்றேன்.

"என்னது?"

"புறங்கை தட்டுங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும். இங்கயே, இப்பவே."

பக்கத்தில் கொய்யாப் பழம் விற்றுக்கொண்டிருந்த தனபால் வாயைப் பிளந்தான். அவன் எனக்குத் தம்பி முறை. என் வீட்டுக்காரரைச் சீண்டாமல் அவனுக்குச் சோறு இறங்காது. "மாமா கையா? புறங்கையா? ஐயோ சாமி, இந்தக் கூத்தைப் பார்க்கக் குடுத்து வெச்சிருக்கோணும்!"

என் வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. "வேணி, இதுவரைக்கும் நான் தட்டினதில்ல" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"தெரியுமுங்க."

"வேற வழியில்லையா?"

"இவிய பணத்தைப் போட்டுட்டு, கொஞ்சம் எறங்கினதும் நம்ம ஊட்டு வாசல்ல வந்து நின்னா, நான் படிச்ச படிப்புக்கு அர்த்தமே இல்லைங்க. நான் விக்கறது உங்க கையை இல்ல."

அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். முதலில் பாப்பாத்தி அக்காளிடம் போனார். "அக்கா, நான் அடிச்சது தப்பு. எறங்கவும் எறங்குமாம். எங்கூட்டுக்காரி சொல்றா, அவளுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிப் புறங்கையை நீட்டினார். பாப்பாத்தி அக்காள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் புறங்கையால் தட்டினார். அடுத்தவர். அதற்கடுத்தவர். ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார், ஒரு வார்த்தை குறைக்கவில்லை. செல்வம் தட்ட மறுத்து, "வேண்டாம்ணா, நீங்க எனக்கு மாட்டையே குடுத்தவரு" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து முன்னால் இழுத்துத் தட்டிவிட்டு வந்தார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவமானத்தால் என்று நினைக்காதீர்கள். ஊரே மதிக்கிற ஒரு கையைப் பெண்டாட்டி சொன்ன சொல்லுக்காக நடுச் சந்தையில் கவிழ்க்கிற ஆண்பிள்ளையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அவர்தான் என் புருஷன் என்று மேஜை மேல் ஏறி நின்று கத்தலாம் போல இருந்தது.

புறங்கை தட்டியவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து போனார்கள். ஆதார் அட்டைகள் திரும்பவும் வேட்டி மடிப்புக்குள் போயின. தனபால், "புறங்கை மாமா, ஒரு கொய்யாப் பழம் திங்கறீங்களா?" என்றான். என் வீட்டுக்காரர் மிளகுக் கடைக்குப் போய்ச் சாக்கைத் தூக்கி வைத்தார். மேஜைக்கு முன்னால் ஒரு ஆள் இல்லை. மேடம் எதையோ யோசித்துக்கொண்டு எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தார். நான் துணியை மடிக்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன்.

பாப்பாத்தி அக்காள் மட்டும் போகவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர், துப்பிவிட்டு வந்து என் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லு. முதல்ல இருந்து சொல்லு. அதென்ன ஃபண்டு?"

சொன்னேன். கலந்து விதைக்கிற காட்டில் தொடங்கி, ஒன்று விடாமல். மாதா மாதம் கொஞ்சமாகப் போடுவது எப்படி, அவசரத்துக்கு வேண்டிய காசை ஏன் இதில் போடக் கூடாது, எத்தனை வருஷம் பொறுக்க வேண்டும், எல்லாம். எச்சரிக்கையை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவர் குறுக்குக் கேள்வி கேட்டுக் கேட்டு என்னைப் பிழிந்தெடுத்தார். "மிளகு வெல மாதிரி எறங்குமா?" என்றார். "சில வருசம் அதை விட மோசமாவும் எறங்குமுங்க அக்கா" என்றேன். ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லி மேடத்தைக் கேட்டுச் சொன்னேன்.

எல்லாம் கேட்டுவிட்டுப் பாப்பாத்தி அக்காள் சேலையில் கையைத் துடைத்தார். பிறகு உள்ளங்கையை நீட்டினார். என் முன்னால்.

எனக்கு முதலில் புரியவில்லை. "அக்கா, அவருதான் திருப்பி வாங்கிட்டாரே..."

"அவன் கையை எவ கேட்டா? உங்கையக் கேக்கறேன்."

தனபால் பழம் நிறுப்பதை நிறுத்தினான். மேடம் என்னையே பார்த்தார். இந்தக் கை என்றால் என்ன என்று இப்போது அவருக்குத் தெரியும். நான் அடித்தால் அது உத்தரவாதம். அடிக்காவிட்டால், எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணிடம் முதல் முறையாக நீட்டப்பட்ட கை வெறுமனே திரும்பிப் போகும்.

"அக்கா, ஏறும்னு அடிக்கமாட்டேன்" என்றேன். "போட்டது பத்திரமா இருக்கும்னும் அடிக்கமாட்டேன். எறங்கினா அன்னைக்கே உங்க ஊட்டுக்கு வந்து எறங்கிருச்சுன்னு சொல்லுவேன். ஒளிய மாட்டேன். எனக்குக் கமிஷன் வருதுன்னு உங்களுக்கு ஆகாததை உங்க தலையில கட்டமாட்டேன். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுவேன். இதுக்குத்தான் அடிப்பேன், வேற எதுக்கும் இல்ல. போதுமா?"

"நான் வேற என்னத்தைக் கேட்டேன்?" என்றார் பாப்பாத்தி அக்காள். "அடி."

அடித்தேன். எப்படி அடிக்க வேண்டும் என்று தெரியாமல் பலமாக அடித்துவிட்டேன் போலிருக்கிறது. பட்டென்ற சத்தத்துக்கு மிளகுக் கடை வரைக்கும் தலைகள் திரும்பின. என் வீட்டுக்காரர் தராசைப் பிடித்தபடி அங்கிருந்தே பார்த்தார். பிறகு தராசை விட்டுவிட்டு, "அது எம்பொண்டாட்டி கை! கேட்டுச்சா எல்லாருக்கும்? எம்பொண்டாட்டி கை!" என்று கத்தினார். புறங்கை தட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெட்கம் கெட்ட மனுஷன்.

அன்றைக்குத் தொடங்கியது ஒரே ஒரு கணக்குத்தான், பாப்பாத்தி அக்காளுடையது. மேடம் அதைப் பதிவு செய்து முடித்துவிட்டுப் பையை மூடினார். "அம்சவேணி, மேஜை போட்டப்ப சேர்ந்த கூட்டத்தை அப்படியே எழுதியிருந்தா ஆபீஸ்ல எனக்குக் கைதட்டியிருப்பாங்க" என்றார். "நீங்க அதைக் கலைச்சுட்டீங்க. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி ஆபீஸ் வந்து அடையாள அட்டையை வாங்கிக்கோங்க. மலைக்கு நீங்கதான்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கீழே இறங்கறப்பவும் வாந்தி வருமா?" என்று கேட்டார்.

அட்டை வந்து கழுத்தில் மாட்டியும் ஆகிவிட்டது. போன வாரம் ஒரு காலையில் தனபால் எங்கள் வீட்டுக்கு வந்தான். பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறானாம். கையடிக்க ஆள் வேண்டும் என்றான். என் வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. புறங்கை தட்டிய பிறகு அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அவர் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனாலும் எனக்குத் தெரியும். அவசர அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"மாமா, நீங்க இருங்க" என்றான் தனபால். தலையைச் சொறிந்தான். "அக்காளைக் கூப்பிட வந்தனுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவர் போட்ட சட்டைப் பொத்தானைக் கழற்றினார். பிறகு தனபாலின் தோளைப் பிடித்துத் திருப்பி, "அவ சும்மா வரமாட்டா. மாட்டைப் பத்தி எல்லாத்துக்கும் அடிக்கமாட்டா. எதெதுக்கு அடிப்பா, எதுக்கு அடிக்கமாட்டான்னு முன்னாடியே நிறுத்திச் சொல்லுவா. நல்லாக் கேட்டுக்கோ, என்னைய மாதிரி காதைக் கழட்டி வெச்சுட்டு நிக்காத" என்றார். சொல்லிவிட்டு என் செருப்பை எடுத்து வந்து வாசலில் போட்டார்.

"போ புள்ள, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். "கெழங்கை நான் உரிச்சு வெக்கறேன்."